கூரை மட்டும் போதுமா?

மனிதன் தனித்து உண்ணலாம்; தனித்து உறங்கலாம்; தனித்துப் பயணமும் போகலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் தனித்தே உழைப்பது என்பது, வயிற்றை நிரப்பினாலும் நெஞ்சை வறளச் செய்வதாகும். உழைப்பினால் வரும் களைப்பை ஓர் இரவு உறக்கம் போக்கிவிடும். தனிமையினால் வரும் களைப்போ, உறங்கி எழுந்த பின்னும் தலையணையருகிலேயே காத்திருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் ஒன்று 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையில், உலக மக்களில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையுணர்வால் வாடுகிறார் என்று கூறியது. அந்த ஒருவர் எங்கோ பனி பெய்யும் நாட்டில் இருப்பவர் என்று நாம் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. நம் தெருவிலேயே, சாத்திய கதவுக்குப் பின்னால், ஒளிரும் கணினித் திரைக்கு முன்னால் அவர் அமர்ந்திருக்கக் கூடும்.

இந்தத் தனிமைக்கு மருந்துபோல நகரங்களில் ஒரு புதுவகைக் கூடம் தோன்றியிருக்கிறது. அதனை ஆங்கிலப் பெயராலேயே 'கோ-ஒர்க்கிங்' என்கிறார்கள். பொதுப் பணியறை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஒருவர் கணக்கெழுதுபவர், இன்னொருவர் படம் வரைபவர், மற்றொருவர் மொழிபெயர்ப்பவர். ஒவ்வொருவருக்கும் வேறு முதலாளி, வேறு ஊதியம். நாளுக்கோ மாதத்துக்கோ வாடகை கொடுத்து ஒரே கூடத்தில் அமர்ந்து அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறார்கள். சென்னை கொளத்தூரில் 2024 நவம்பர் 4 அன்று, அரசின் ஏற்பாட்டிலேயே 'முதல்வர் படைப்பகம்' என்னும் பெயரில் இத்தகைய கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அரை நாளுக்கு 50 ரூபாய் கட்டினால் அங்கே அமர்ந்து பணியாற்றலாம் என்று திறப்பின்போது அறிவித்தார்கள். எளியவர்க்கும் எட்டும்படியான நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. அந்த 50 ரூபாய்க்கு மனிதன் எதை வாங்குகிறான்? மேசையையா? மின்சாரத்தையா? தடையின்றி வரும் இணைய இணைப்பையா? இவை மட்டுமே என்றால், இவற்றை வீட்டிலேயே பெற்றுவிட்ட ஒருவனுக்கு அங்கே போகவேண்டிய தேவை இல்லை. தேவை இருக்கிறது என்றால், அந்தக் கூரையின்கீழ் விலைப்பட்டியலில் எழுதப்படாத வேறொரு பொருள் இருந்தாக வேண்டும். அந்தப் பொருள் எது என்பதை எனக்குக் காட்டித் தந்தது சென்னையன்று. நான் பிறந்த கீழப்பாவூரில் ஒரு வீட்டுத் திண்ணை.

திண்ணை என்னும் தொழிற்கூடம்

திருநெல்வேலியிலிருந்து தென்காசி நோக்கிப் போகும் சாலையில் பாவூர்சத்திரம் என்னும் ஊரை அனைவரும் அறிவர். வெங்காயமும் காய்கறியும் வண்டி வண்டியாக வந்திறங்கும் சந்தை ஊர் அது. அதனையடுத்து இருப்பது கீழப்பாவூர். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது எங்கள் பேரூரும் அதில் சேர்ந்தது. குளமும் வயலும் இவ்வூருக்கு அழகு. நரசிம்மர் கோயில் இவ்வூருக்குப் பெயர். ஆனால் வயல் வேலை இல்லாத மாதங்களில் வீடுகளில் அடுப்பெரியச் செய்தது பெண்களின் கைவிரல்கள்தாம். அவை பீடி சுற்றும் விரல்கள்.

பீடித் தொழிலை நான் புகழ வரவில்லை. புகைப்பவனுக்கு அது நஞ்சு. சுற்றுபவளுக்கும் அந்தத் தூள் இருமலையும் இளைப்பையும் தருவது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பேசப்படும் கூலியோ, ஒருநாளும் உழைப்புக்கு ஈடாக இருந்ததில்லை. இவற்றையெல்லாம் மறந்துவிட்டுத் திண்ணையை மட்டும் போற்றுவது நேர்மையாகாது. நான் சொல்ல வருவது அந்தத் தொழிலைப் பற்றியன்று. அந்தத் தொழிலைச் செய்தவர்கள் தங்களுக்குத் தாங்களே அமைத்துக்கொண்ட கூட்டைப் பற்றியே.

மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வரும் இலையையும், அளந்து தரப்படும் தூளையும், நூலையும் கடையில் வாங்கிக்கொண்டு பெண்கள் வீட்டுக்கு வருவார்கள். மாலையில் இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார்கள். மறுநாள் தகட்டை வைத்து அளவாகக் கத்தரித்து, தூளிட்டுச் சுருட்டி, நூலால் கட்டி, வாயை மடித்து, 25 பீடி ஒரு கட்டு என்று அடுக்குவார்கள். ஆயிரம் பீடி என்றால் நாற்பது கட்டு. இதை எங்கே உட்கார்ந்து செய்தாலும் கூலி ஒன்றுதான். அவரவர் வீட்டுக்குள் அடுப்படியில் உட்கார்ந்தும் செய்யலாம். ஆயினும் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. காலை வேலை முடிந்ததும் ஒவ்வொருத்தியாகத் தன் தட்டை எடுத்துக்கொண்டு, என் பெரியம்மா வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்வாள். பதினோரு மணிக்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவார்கள்.

யார் சொல்லி அங்கே கூடினார்கள்? எந்த நிறுவனமும் சொல்லவில்லை. வாடகை இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. கணக்கும் பொதுவன்று; அவரவர் கட்டு அவரவருக்கே. ஆனாலும் அந்தத் திண்ணையில் எழுதப்படாத சட்டங்கள் சில இருந்தன. கடையில் தந்த இலை ஆயிரத்துக்குப் போதாமற்போனால், பக்கத்திலிருப்பவள் தன் இலையில் ஒரு பிடி தருவாள்; அடுத்த வாரம் அது திரும்பி வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி பாதியில் எழுந்து போனால், அவள் தட்டில் மீந்த இலை காய்ந்து போகாமல் மற்றவர்கள் சுற்றி முடிப்பார்கள். புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் முதல் மாதம் முழுவதும் கோணல் கோணலாகத்தான் சுற்றுவாள். அவற்றைப் பிரித்துத் திருத்தித் தர ஒரு மூத்த கை எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குப் படுத்திருந்த காலத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். தொடர்ந்து பல வாரம் பீடி கொண்டுவராதவளின் பெயரைக் கடைக்காரர்கள் ஏட்டிலிருந்து எடுத்துவிடுவது அப்போது வழக்கமாயிருந்தது. பெயர் போனால் அட்டை போகும். அட்டை போனால் சேமநிதி போகும். பிள்ளைகளின் படிப்புக்கு வரும் உதவித்தொகையும் போகும். ஆகவே திண்ணைப் பெண்கள் ஆளுக்கு இரண்டு கட்டு என்று தங்கள் கணக்கிலிருந்து ஒதுக்கி, அவள் பெயரால் வாரந்தோறும் கடையில் சேர்த்தார்கள். அவள் எழுந்து வந்தபோது அவள் பெயர் ஏட்டில் அப்படியே இருந்தது. இதற்காக யாரும் நன்றி கேட்கவில்லை. யாரும் பெருமை பேசவுமில்லை. அடுத்த முறை படுக்கப் போகிறவள் யார் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாதே!

இன்னொன்றும் உண்டு. கடையில் பீடியை எண்ணி வாங்குபவர், சரியில்லை என்று சொல்லிக் கழித்துப் போடுவது வழக்கம். தனியாகப் போகிறவளிடம் கழிவு அதிகமாயிருக்கும். ஒருநாள் ஒருத்தியின் கட்டுகளில் அளவுக்கு மீறிக் கழித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், திண்ணைப் பெண்கள் எழுவரும் அந்தக் கடைப் படியில் போய் உட்கார்ந்தார்கள். கூச்சல் இல்லை, வசவு இல்லை. மறுபடி எண்ணும் வரை எழுந்திருக்கவுமில்லை. இறுதியில் மறுபடி எண்ணப்பட்டது. தனித்திருந்தால் அவள் கண்ணீரோடு திரும்பியிருப்பாள். கூட இருந்தவர்கள் அவளுக்குத் தந்தது ஆறுதல் மட்டுமன்று. நியாயத்தைக் கேட்டுப் பெறும் வலிமையும் ஆகும்.

கையும் காதும்

எங்கள் திண்ணையில் நடந்தது உலகத்தில் புதிதன்று. கியூபா நாட்டு ஹவானா நகரத்தில் சுருட்டு சுற்றும் தொழிலாளர்கள் 1865 ஆம் ஆண்டிலேயே ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். கைக்குத்தான் வேலை, காதுக்கு வேலையில்லை என்பதால், உயர்ந்த மேடையொன்றில் ஒருவர் அமர்ந்து செய்தித்தாளையும் நாவலையும் உரக்கப் படிப்பார்; நூற்றுக்கணக்கானோர் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவருக்கு ஊதியம் தந்தவர் முதலாளியல்லர். தொழிலாளர்களே தம் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துத் தந்தார்கள். கடல் கடந்து அமெரிக்காவின் டாம்பா நகரத்துக்கும் அந்த வழக்கம் போயிற்று. 1931 இல் அங்குள்ள ஆலைகளில் படிப்பவரின் மேடையை முதலாளிகள் அகற்றியபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். எழுத்தறியாதவனும் நாட்டு நடப்பைப் பேசத் தொடங்கிவிட்டான் என்பதுதான் அந்த மேடை செய்த குற்றம்!

அமெரிக்கத் தொழிற்சங்க இயக்கத்தின் தலைவராய் விளங்கிய சாமுவேல் காம்பர்ஸ், இலண்டனில் பிறந்து 1863 இல் நியூயார்க் சென்ற சுருட்டுத் தொழிலாளி. தாம் வேலை பார்த்த கூடங்களில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் தாங்கள் சுற்றிய சுருட்டுகளில் சிலவற்றை அவர் கணக்கில் சேர்த்து அவருக்குக் கூலி குறையாமல் பார்த்துக்கொண்டதை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். நியூயார்க்கின் சுருட்டும் கீழப்பாவூரின் பீடியும் ஒன்றையொன்று அறியா. எனினும் அங்கே படிப்பவனுக்குச் சுருட்டு ஒதுக்கிய கையும், இங்கே பிள்ளை பெற்றவளுக்குக் கட்டு ஒதுக்கிய கையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்லவா?

நமக்கு அண்மையிலுள்ள கண்ணூரிலும் பீடிக் கூடங்களில் செய்தித்தாள் படிக்கப்பட்டது. பீடித் தொழிலாளர் பாதுகாப்புக்காக 1966 இல் இயற்றப்பட்ட சட்டத்தைக் கேரளத்தில் நடைமுறைப்படுத்த முனைந்தபோது, பெரிய பீடி நிறுவனங்கள் தங்கள் கூடங்களை மூடிவிட்டுப் போயின. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். அவர்கள் சிதறிப் போகவில்லை. 1969 இல் 'கேரள தினேஷ் பீடி' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் பீடிக்கு மதிப்புக் குறைந்தபோது, உணவுப் பொருள், குடை, ஆடை என்று வேறு தொழில்களுக்கும் அதே கூட்டுறவு மாறிக்கொண்டது. அவர்களை ஒன்றாகப் பிணைத்தது புகையிலை மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தொழில் மாறிய பின்னும் தோழமை நின்றது.

திரைக்கு முன்னால் தனியொருவன்

இனி என் கதைக்கு வருகிறேன். சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்கும் கடிதமும் பார்க்கும் வேலையில் இருந்தேன். 2020 மார்ச் மாதம் கொரோனாவுக்காக நாடு அடைக்கப்பட்டபோது, கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். தொற்று தணிந்த பிறகும் அந்த நிறுவனம் வாடகைச் செலவு மிச்சம் என்று அலுவலகத்தை மறுபடி திறக்கவில்லை. நானும் கீழப்பாவூரிலேயே தங்கிவிட்டேன். வாடகை இல்லை, நெரிசல் இல்லை. சாரல் காலத்தில் குற்றாலத்துக் காற்று சன்னல் வழியே வரும். இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டவர்கள் பலர்.

எங்கள் பகுதிக்குக் கணினி வேலை அதற்கு முன்னரே வந்துவிட்டது. தென்காசியையடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011 ஆம் ஆண்டிலேயே தன் அலுவலகத்தை அமைத்தது. சிற்றூரில் இருந்துகொண்டே உலகுக்கு வேலை செய்யலாம் என்பதை எங்கள் இளைஞர்கள் கண்ணால் கண்டார்கள். ஆனால் அங்கே வேலை பார்ப்பவருக்கு உடன் உண்ணவும் உரையாடவும் தோழர்கள் உண்டு. என்னைப்போல் வீட்டறையில் தனித்து வேலை செய்பவருக்கோ, திரையில் தோன்றும் முகங்களே தோழர்கள். பொத்தானை அழுத்தினால் அவர்கள் மறைந்துவிடுவார்கள். காலையில் வணக்கம் தட்டச்சு செய்வேன். மாலையில் நன்றி தட்டச்சு செய்வேன். இடையில் என் குரலை நானே கேளாத நாட்கள் பல. சம்பளம் குறையவில்லை; உடலில் நோயில்லை. ஆயினும் எதையோ இழந்துகொண்டிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

அந்நாளில் ஒருமுறை என் பெரியம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். வயது எழுபதைத் தாண்டியவர்கள். பீடித் தட்டை எடுத்து வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. என்னையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்களுக்குத் தட்டு மடியில இருந்துச்சு, உனக்கு மேசையில இருக்கு. வேலை ஒண்ணுதான். ஆனா நாங்க இப்படி ஊமையாட்டம் இருந்ததில்லையேப்பா" என்றார்கள். கொஞ்சம் நின்று, "நீ ஒருநாள் எழுந்திரிக்கலேன்னா அந்தப் பெட்டிக்குத் தெரியுமா?" என்றும் கேட்டார்கள். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அதில் ஒரு முழு நூலின் பொருள் அடங்கியிருந்தது.

அதன்பின் என்னைப்போல் வீட்டிலிருந்து வேலை செய்யும் சிலரைத் தேடிப்பிடித்தேன். பாவூர்சத்திரம் போகும் சாலையில் பழைய வீடொன்றின் மாடியை ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். அவர்களில் ஒருவர் பீடி சுற்றிய மாமியாரின் மருமகள். மேசை, நாற்காலி, மின்தடைக்கு ஓர் இன்வெர்ட்டர், இணைய இணைப்பு, ஒரு மண்பானை. இதுவே எங்கள் பொதுப் பணியறை.

முதல் மாதம் அங்கே நிலவிய அமைதியைச் சொல்லி முடியாது. ஆறு பேரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஆறு தீவுகளாக அமர்ந்திருந்தோம். கூரை கிடைத்துவிட்டது; கூட்டு கிடைக்கவில்லை. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இக்காலப் பொதுப் பணியறைக்கு முன்னோடி என்று சொல்லப்படும் பிராட் நியூபெர்க் என்னும் அமெரிக்க இளைஞர், 2005 ஆகஸ்ட் மாதம் சான்பிரான்சிஸ்கோவில் வாரத்துக்கு இரண்டு நாள் ஓர் இடத்தைப் பெற்று மேசைகளைப் போட்டுக் காத்திருந்தார். முதல் மாதம் முழுவதும் ஒருவர்கூட வரவில்லை. தனித்து உழைப்பதன் சுதந்திரமும் வேண்டும், கூடியிருப்பதன் துணையும் வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அவர் மனம் தளராமல் அழைத்துக்கொண்டேயிருந்தார். பிறகு ஒருவர் வந்தார், பலர் வந்தார்கள். மேசை போடுவது ஒருநாள் வேலை. மனிதரைச் சேர்ப்பது பலநாள் வேலை.

வராத நாளை அறிபவர்

எங்கள் மாடியில் மாற்றம் வந்தது ஒரு சிறு வழக்கத்தால். வர இயலாத நாளில் காலை பத்து மணிக்குள் யாரேனும் ஒருவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'இன்று இல்லை' என்ற இரு சொற்கள் போதும். சொல்லாமல் ஒருவர் வராவிட்டால் மற்றவர்களில் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரியம்மாவின் கேள்வியே வழிகாட்டி. பின்னர், நாலு மணிக்குக் கணினிகளை மூடிவிட்டுச் சேர்ந்து தேநீர் குடிப்பது என்றும், மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் ஒரு தகர டப்பாவில் போடுவது என்றும் இரண்டு வழக்கங்கள் சேர்ந்தன.

இரண்டாம் ஆண்டில், எங்களில் இளையவர் ஒருவர் தொடர்ந்து இரண்டு நாள் சொல்லாமல் வரவில்லை. மூன்றாம் நாள் காலை இருவர் அவர் வீட்டுக்குப் போனோம். வேலை கொடுத்த வெளியூர்க்காரர் மூன்று மாதமாகப் பணம் தரவில்லை, வட்டிக்கு வாங்கிய கடன் ஏறிவிட்டது, காய்ச்சல் வேறு. கணினியை விற்றுவிட ஆள் பார்த்து வைத்திருந்தார். முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாதியில் கிடந்தது; அதை ஒப்படைத்தால்தான் பழைய பாக்கியைக் கேட்க முடியும். அந்த வேலையை நால்வர் பங்கிட்டுக்கொண்டு ஐந்து இரவுகளில் முடித்தோம். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் தோழி, பாக்கிக்காக எழுத வேண்டிய கடிதத்தைத் தெளிவாகவும் உறுதியாகவும் எழுதிக் கொடுத்தார். தகர டப்பாவிலிருந்து மருந்துக்கும் அந்த மாத வட்டிக்கும் பணம் எடுத்தோம். ஏழு வாரம் கழித்துப் பாக்கி வந்தது. கணினி விற்கப்படவில்லை. அந்த இளைஞர் இன்று, புதிதாக வருபவர்களுக்கு வேலை கற்றுத்தருகிறார்.

ஆளுக்கு இரண்டு கட்டு! ஐம்பது ஆண்டுக்கு முன் திண்ணையில் ஒதுக்கப்பட்ட அதே பங்கு, மாடியில் வேறு வடிவில் வந்து நின்றதை நான் கண்டேன். மேசைக்கு வாடகை கொடுக்கிறோம். மின்சாரத்துக்குக் கட்டணம் கட்டுகிறோம். நாம் வராத நாளை அறிந்து தேடி வரும் ஒருவருக்கு என்ன கட்டணம் கட்டுவது? அவரை விலைக்கு வாங்க முடியாது. நாமும் அவ்வாறே மற்றவரைத் தேடிப் போவது ஒன்றே அதற்குரிய விலை.

இதை விலைக்கு விற்க முயன்றவர்களும் உண்டு. 2010 இல் நியூயார்க்கில் தொடங்கிய வீவொர்க் என்னும் நிறுவனம், பொதுப் பணியறைகளை உலக நகரங்களெங்கும் திறந்தது. இடத்தை விற்பதாக அது சொல்லவில்லை. சமூக உணர்வை வழங்குவதாகவே சொன்னது. 2019 தொடக்கத்தில் அதன் மதிப்பு 4,700 கோடி டாலர் என்று கணித்தார்கள். 2023 நவம்பரில் அதே நிறுவனம் கடனைத் தீர்க்க வழியின்றி நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. மறு ஆண்டு, கட்டடங்கள் பலவற்றைக் கைவிட்ட பிறகே மீண்டு வந்தது. நீண்டகால வாடகை ஒப்பந்தங்களும், மட்டுமீறிய செலவும், கொரோனாவும் அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள். ஆயினும் நாம் கற்க வேண்டிய பாடமும் ஒன்றுண்டு. தோழமையை விளம்பரத்தில் எழுதலாம்; ஒப்பந்தத்தில் எழுத முடியாது.

கூடி உழைத்தவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொள்ளும் பற்று, ஊர் கடந்தும் பயன் தரும் என்பதற்கு எங்கள் மாவட்டமே சான்று. கடையநல்லூர் நெசவாளர் ஊர். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்க்கும் வேலையைத் தறிக்காரர் தனியொருவராய்ச் செய்துவிட முடியாது. வெயில் ஏறுமுன் பலருடைய கைகள் சேர்ந்தாக வேண்டும். இன்று உன் பாவு, நாளை என் பாவு என்று பழகிய அவ்வூர் முஸ்லிம்களில் பலர் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் சென்று, தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். அங்கே 1941 இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தார்கள். 1946 இல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1982 வரை அப்பள்ளி தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. எளிய உழைப்பாளிகள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தை உண்டாக்கினார்கள் என்றால், கூடியிருத்தலின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடலாமா?

கூட்டிலும் குறை உண்டு

திண்ணையைப் பற்றிச் சொல்லும்போது அதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. எங்கள் தெருத் திண்ணையில் எங்கள் தெருப் பெண்களே அமர்ந்தார்கள். அடுத்த தெருவின் பெண் அங்கே தட்டோடு வந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. சாதியும் உறவும் போட்ட கோட்டுக்குள்தான் அந்த அன்பு சுழன்றது. புறம் பேசுதலும் உண்டு. ஒருத்தியின் வீட்டுச் சண்டை, மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். துணைக்கு வரும் கண், வேவு பார்க்கும் கண்ணாகவும் மாறக் கூடும்.

இந்த இடத்தில்தான் புதிய பொதுப் பணியறை பழைய திண்ணையை மிஞ்ச முடியும். எங்கள் மாடியில் அமர்ந்த ஆறு பேரும் ஒரே தெருவினரல்லர், ஒரே சமயத்தவருமல்லர். வேலை ஒன்றே எங்களைச் சேர்த்தது. நோன்பு மாதத்தில் நாலு மணித் தேநீரை மற்றவர்கள் தாமாகவே நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். கோயில் கொடை நாட்களில் அவர்களுடைய அவசர வேலையை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிறருடைய வரவு எவ்வளவு என்று கேட்பதில்லை. பேச விரும்பாதவரைப் பேச வைப்பதில்லை. வேலை நேரத்தில் குரலை உயர்த்துவதில்லை. நெருக்கத்துக்கு எல்லை இருந்தால்தான் அது நீடிக்கும் என்பதை அனுபவம் கற்றுக்கொடுத்தது.

இத்தகைய அறைகள் நம் சிற்றூர்களில் இன்னும் பல தோன்றும், தோன்றவும் வேண்டும். படித்த பெண்கள் பலர் திருமணத்துக்குப் பின் வெளியூர் போக இயலாமல், வீட்டுக்குள் கணினி முன் அமர்ந்து உழைக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி குறைத்துத் தரப்பட்டாலும், வேறொருவர் எவ்வளவு பெறுகிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. தனித்துப் போனவளின் கட்டுகளில்தான் கழிவு அதிகம் என்று பீடிக்கடைப் படி சொன்ன உண்மை, கணினி யுகத்திலும் மாறவில்லை. ஊர்தோறும் சமூகக் கூடங்களும், நூலகங்களும், சங்கக் கட்டடங்களும் பகல் பொழுதில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஓர் அறையைத் திறந்து, மேசையும் மின்சாரமும் இணைப்பும் தர ஊர்ப் பெரியவர்கள் முன்வந்தால், அது சிறு செலவில் ஆகும் பெரிய தொண்டாகும்.

திறப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நாற்காலியின் எண்ணிக்கையையும் இணைப்பின் வேகத்தையும் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். முதல் நாளிலேயே, வந்து அமர்பவர்களைச் சேர்த்து வைத்து மூன்று கேள்விகளுக்கு விடை காணச் சொல்லுங்கள். ஒருவர் வராவிட்டால் யார் போய்ப் பார்ப்பது? ஒருவருக்குக் கூலி வராவிட்டால் யார் கைகொடுப்பது? புதிதாக வருபவருக்கு யார் கற்றுக்கொடுப்பது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், ஓலைக் கொட்டகையும் நல்ல பணியறையாகிவிடும். விடை கிடைக்காதபோது, குளிரூட்டப்பட்ட மாளிகையும் பல தனிமைகளை ஒன்றாக அடுக்கி வைத்த கிடங்காகவே இருக்கும்.